25,000 ரூபாயில் முதல் ரோடு பைக்: பழையதா, புதியதா, ஹைப்ரிட்டா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் புதிதாக ரோடு பைக் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் வந்து தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கையில் இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய் இருக்கும். பெங்களூரில் யாரோ விற்கிற பழைய அலுமினிய ரோடு பைக்கை எடுப்பதா, அதே பணத்தில் கடையில் பின்னால் 7 கியர் வைத்த புது பைக் எடுப்பதா, நேர் ஹேண்டில்பார் வைத்த பழைய ஹைப்ரிட்டே போதுமா?

இந்தக் கேள்விக்குப் பெங்களூர்க்காரருக்குச் சொல்கிற பதில் நமக்கு ஒத்துவராது. அங்கே கியர் மக்கர் செய்தால் மாலையில் கடையில் விட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் சைக்கிள் கடைகளில் வீல் பெண்டு எடுப்பதிலும் பால்ஸ் மாற்றுவதிலும் ஸ்போக் கட்டுவதிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரோடு பைக்குக்கான உதிரி பெரும்பாலும் இருப்பில் இருக்காது. அதனால் விளம்பரத்தில் போட்ட விலையைப் பார்ப்பதற்கு முன், இந்த பைக்கை நம் ஊர் ரோட்டில் ஓட்டி நம் ஊரிலேயே பழுது பார்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறோம். விலைகள் ஏறத்தாழச் சொன்னவை, கடைக்குக் கடை மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

அளவு. இதில் தவறினால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து 0.67 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஃபிரேம் அளவு வரும். 78 செ.மீ. என்றால் 52, 82 செ.மீ. என்றால் 55. மேல் குழாய் சரிவாக வரும் பைக்குகளில் எஸ், எம், எல் என்றுதான் போட்டிருக்கும். அங்கே கம்பெனியின் அளவு அட்டவணையில் உங்கள் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அளவு முன்னே பின்னே இருந்தால் ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) மாற்றி ஓரளவு சமாளிக்கலாம். இரண்டு அளவு பெரிய பைக்கை சீட்டை இறக்கி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள தூரம் குறையாது. முப்பதாவது கிலோமீட்டரில் கழுத்து பிடித்துக்கொள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும்.

ஏற்றத்துக்கான கியர். நம் மாவட்டங்களில் சமவெளி என்று சொல்லும் ரோடும் முழுச் சமவெளி அல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை சுமார் 50 கி.மீ. தூரமும் மொத்தத்தில் ஏறுமுகம்தான். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குவது சுகம், திரும்பி ஏறும்போதுதான் கியரின் அருமை தெரியும். வத்தல்மலை ரோட்டைச் சொல்லவே வேண்டாம். இதோடு ஆடிக் காற்று எதிரே வந்தால் சமவெளியும் ஏற்றம்போல ஆகிவிடும்.

பழைய ரேஸ் பைக்குகளில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரங்கள் இரண்டும் 53, 39 பல் (53/39 என்று எழுதுவார்கள்), பின்னால் பெரிய பல்சக்கரம் 25 பல் இருக்கும். மிக லேசான கியரில்கூட (39க்கு 25) நிமிடத்துக்கு 60 தடவை பெடல் சுற்றினால் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறியாக வேண்டும். புதியவரால் ஏழு சதவீத ஏற்றத்தில் அது நெடுநேரம் முடியாது, முழங்கால்தான் அடி வாங்கும். முன்னால் 50/34, பின்னால் 32 பல் இருந்தால் அதே சுற்றில் 8 கி.மீ. வேகம் போதும். முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது குறைந்தது 28 பல் என்பதைக் கீழ் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

டயருக்கு இடம். தேசிய நெடுஞ்சாலைக்கு 25 மி.மீ. டயர் போதும். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, இராயக்கோட்டை என்று உள்ரோட்டில் புகுந்தால் ஒட்டுப்போட்ட தார், வேகத்தடை, ஜல்லி எல்லாம் வரும். 28 மி.மீ. டயர் ஏறும் ஃபிரேமாக இருக்க வேண்டும். இப்போதுள்ள டயருக்கும் ஃபோர்க்குக்கும் பிரேக்குக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 4 மி.மீ.யாவது இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். 23 மி.மீ. டயரே உரசும் நிலையில் இருந்தால் அது நம் ரோட்டுக்கான பைக் அல்ல.

உள்ளூரில் பழுது பார்க்க முடிவது. இதை ஒவ்வொரு பைக்கிலும் தனித்தனியாகச் சொல்கிறோம்.

வாங்கிய பிறகு ஆகும் செலவு. ஹெல்மெட் 1,200 முதல் 2,000, நின்று அடிக்கும் பம்பு 800 முதல் 1,500, விளக்கு, ஸ்பேர் டியூப் இரண்டு. எந்த பைக் எடுத்தாலும் இந்த மூவாயிரத்துச் சொச்சம் உண்டு. ஆகவே 25,000 இருக்கிறது என்றால் பைக்குக்கு 22,000தான்.

## முதல் வழி: பெங்களூரிலிருந்து பழைய அலுமினிய ரோடு பைக்

15,000 முதல் 22,000 வரை கொடுத்தால் அலுமினிய ஃபிரேம், பெரும்பாலும் கார்பன் ஃபோர்க், ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் (பின்னால் 8 கியர்) அல்லது சோரா (9 கியர்) கியர் செட் வைத்த பைக் தேடிப் பிடிக்கலாம். பிரேக் லீவரிலேயே கியரும் மாற்றலாம் என்பதால் ஹேண்டிலிலிருந்து கை எடுக்க வேண்டியதில்லை. எடை 10, 11 கிலோவுக்குள் நிற்கும். இதே தரத்தில் புதிதாக வாங்கினால் நம் பட்ஜெட் தாங்காது.

2020, 2021இல் பலர் ஆசையாக சைக்கிள் வாங்கி, சில மாதம் ஓட்டி, அபார்ட்மெண்ட் பால்கனியில் நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட பைக்தான் நாம் தேட வேண்டியது. செயினும் பல்சக்கரமும் தேயாமல் இருக்கும். ஆனால் டயர் ஓரம் வெடித்திருக்கும், கேபிள் துருப்பிடித்திருக்கும், கிரீஸ் இறுகியிருக்கும். இவையெல்லாம் மாற்றக்கூடியவை. எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியது வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி) மாட்டி ஓட்டிய பைக்கை. வெளியே பளபளவென்று இருக்கும், ஆனால் மணிக்கணக்காகச் சொட்டிய வியர்வை ஹேண்டில் டேப்புக்கு அடியிலும் ஸ்டெம் போல்ட்டிலும் ஹெட்செட்டிலும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இறங்கி அரித்திருக்கும். டேப்பின் ஓரத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படுகிறது.

### 8, 9 கியர் ஏன் நமக்குத் தோது

பழைய பைக் தேடும்போது 10, 11 கியர் வைத்ததும் கண்ணில் படும். உயர்ந்த ரகம்தான். ஆனால் நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் 8, 9 கியர்தான் தோது.

ஷிமானோவின் 8 கியர் பல்சக்கரம் மலை சைக்கிளுக்கும் ரோடு பைக்குக்கும் ஒரே ஹப்பில் ஏறும். செயினும் பொதுவானது, விலையும் குறைவு. பின்னால் செயினை ஏற்றி இறக்கும் டிரேலர் உடைந்துபோனால், 9 கியர் வரையான ஷிமானோ மலை சைக்கிள் டிரேலரை (ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ) கிளாரிஸ், சோரா லீவரோடு மாட்டி ஓட்டலாம். இரண்டும் கேபிளை இழுக்கும் அளவு ஒன்றுதான். கியர் சைக்கிள் விற்கும் எந்த ஊர்க் கடையிலும் இந்த உதிரி கிடைக்க வாய்ப்பு அதிகம். டிரேலரின் கேஜ் (இரண்டு சிறு சக்கரங்களைத் தாங்கும் தகடு) நீளம் என்றால் 32 பல் சக்கரமும் ஏறும், ஏற்றப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

10 கியரில் ஒரு பொறி உண்டு. ஷிமானோவின் டியாக்ரா 4600 வரிசையும் அதற்கு அடுத்து வந்த 4700 வரிசையும் பெயரில் ஒன்று, இரண்டும் 10 கியர். ஆனால் கேபிள் இழுப்பு வேறு. ஒன்றின் லீவருக்கு மற்றதன் டிரேலரை மாட்டினால் கியர் கடைசி வரை ஒழுங்காக உட்காராது. "டிரேலர் மட்டும் புதுசு போட்டிருக்கேன்" என்று விற்பவர் சொன்னால் லீவரிலும் டிரேலரிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

### போய்ப் பார்க்கும்போது

பையில் 4, 5, 6 மி.மீ. அலன் கீ, டார்ச், அளவு டேப், இஞ்ச் குறி போட்ட அடி ஸ்கேல் இருக்கட்டும். வெயிலில் பாருங்கள், இரவில் பேஸ்மெண்ட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். கீழே உள்ள வரிசையில் போனால், முதலிலேயே ஆகாது என்று தெரிந்தால் நேரம் மிச்சம்.

1. ஃபிரேம். ஹேண்டிலுக்குக் கீழே உள்ள குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பெயிண்டில் சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால் பைக் நேராக எதிலோ மோதியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கிராங்க் (பெடல் மாட்டும் கை) இருக்கும் இடம், பின்சக்கரம் மாட்டும் இடம், சீட் கிளாம்ப் ஆகிய மூன்றிலும் டார்ச் அடித்து வெல்டை ஒட்டிய மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு ஃபிரேம் விரிசல் விட்டால் வெல்டு வைக்கலாம், அலுமினியத்தில் அது நம்பத்தக்க வேலை அல்ல.

2. சீட் போஸ்ட். போல்ட்டைத் தளர்த்தி, போஸ்டைத் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் உள்ளே அரித்து ஒட்டிக்கொண்டது. உங்கள் உயரத்துக்கு வைக்கவே முடியாது. பலர் இதைப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

3. வீலும் ரிம்மும். சுழற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1 மி.மீ. ஆட்டம் நம் ஊரிலேயே பெண்டு எடுத்துவிடலாம். ரிம் பிரேக் என்றால், கட்டை பிடிக்கும் பக்கவாட்டில் ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். நடுவே குழிந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்து முடிந்தது. வீல் ஜோடி ஐயாயிரத்துக்குக் குறைந்து வராது. டிஸ்க் பிரேக் என்றால் தட்டின் தடிமன் பாருங்கள். ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மி.மீ., 1.5 ஆகிவிட்டால் மாற்ற வேண்டும்.

4. கியர் லீவர். பைக்கிலேயே விலை உயர்ந்த தேய்மானப் பாகம் இதுதான். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எல்லாக் கியரையும் ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். லீவர் வெறுமனே போய் வந்தால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கலாம், கிளீனர் ஸ்பிரே அடித்துக் கழுவினால் பல சமயம் சரியாகும். பல் உடைந்திருந்தால் சரியாகாது, புது ஜோடி எட்டாயிரத்தைத் தாண்டும். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே பணம் கொடுக்கும் முன் விற்பவரே சரிசெய்து காட்டட்டும், அல்லது அந்த எட்டாயிரத்தைக் கழித்துக் கேளுங்கள்.

5. டிரேலர் கொக்கி. பின்னால் குனிந்து பாருங்கள். டிரேலரின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்லோடு நேர்கோட்டில் தொங்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் பைக் வலப்பக்கம் விழுந்திருக்கிறது. டிரேலரை ஃபிரேமில் தாங்கும் அந்தக் கொக்கி மாடலுக்கு மாடல் வேறு. விலை ஆயிரத்துக்குள்தான், ஆனால் தேடிப் பிடிக்க நாளாகும். பெங்களூரிலிருந்து திரும்பும் முன்பே ஸ்பேர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

6. செயின். ஸ்கேலின் இஞ்ச் பக்கத்தில் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து எண்ணி 24ஆவது பின் சரியாக 12 இஞ்சில் நிற்க வேண்டும். ஒன்றரை மி.மீ. தாண்டினால் செயின் மாற்ற வேண்டும். 3 மி.மீ. தாண்டினால் பல்சக்கரமும் கூடவே போய்விட்டது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும்.

7. ஆட்டங்கள். முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து பைக்கை முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டொக்’ என்று தட்டினால் ஹெட்செட் தளர்வு, இறுக்கினால் தீரும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நட்டநடுவில் பிடித்து நின்றால் பேரிங் குழிந்துவிட்டது. இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஹப்பில் கரகரப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ஷிமானோ ஹப்புகள் பெரும்பாலும் பால்ஸ், கோன் வகைதான். முன்னால் பக்கத்துக்குப் பத்து 3/16 இஞ்ச், பின்னால் பக்கத்துக்கு ஒன்பது 1/4 இஞ்ச். நம் ஊர்ச் சைக்கிள் கடையில் ஓவராயில் செய்துவிடுவார்கள்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். கால் மணி நேரமாவது, அதில் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதும், வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கையும் பிடிப்பதும் இருக்கட்டும்.

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது என்பதால் திருட்டு வண்டி கைமாறுவது எளிது. கிராங்குக்கு அடியில் ஃபிரேம் எண் குத்தியிருக்கும். பில் இருந்தால் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பில் இல்லையென்றால் எண்ணைக் குறிப்பிட்டு, விற்பவர் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் சேர்த்து ஒரு தாள் எழுதி வாங்குங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, எழுதித் தர மறுத்தாலோ அந்த பைக் வேண்டாம்.

### மறைந்திருக்கும் செலவு

நல்ல நிலையில் உள்ள பழைய பைக்குக்கும் பொதுவாக இவை தேவைப்படும்:

| மாற்ற வேண்டியது | ஏறத்தாழ ரூபாய் |
|---|---|
| டயர் இரண்டு (28 மி.மீ.) | 2,000–3,000 |
| டியூப் இரண்டு | 600–800 |
| 8 கியர் செயின் | 700–1,000 |
| 8 கியர் பல்சக்கரம் | 1,200–1,800 |
| கேபிள், வெளிக்குழாய் முழு செட் | 500–800 |
| பிரேக் கட்டைகள் | 400–700 |
| ஹேண்டில் டேப் | 400–600 |

எல்லாம் மாற்ற நேர்ந்தால் 5,800 முதல் 8,700 வரை. பால்கனி பைக்கில் செயினும் பல்சக்கரமும் தப்பிக்கும், 3,900 முதல் 5,900க்குள் முடியும். எனவே 22,000இல் பைக்குக்குக் கொடுப்பது 16,000, 17,000க்கு மேல் போகக் கூடாது. முழுப் பணத்தையும் பைக்குக்கே கொடுத்துவிட்டு வெடித்த டயரோடு ஓட்டுவதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய தவறு.

## இரண்டாம் வழி: புதிய 7 கியர் ரோடு பைக்

டெகத்லான் போன்ற கடைகளில் தொடக்கநிலை ரோடு பைக் கிடைக்கிறது. அலுமினியமோ இரும்போ ஃபிரேம், 7 கியர், 28 முதல் 32 மி.மீ. டயர் என்ற அமைப்பு. பட்ஜெட்டின் மேல் விளிம்பில் வந்து நிற்கும். விலை ஏறியிருந்தால் தாண்டவும் செய்யும்.

இதன் பலம் அளவுதான். கடையில் ஏறி உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து, உங்களுக்கு உரியதை எடுக்கலாம். உயரம் 160 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்களுக்கும், பெண்களில் பலருக்கும் இது பெரிய விஷயம். சிறிய ஃபிரேம் பழைய சந்தையில் அரிது. வந்ததை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தோள்வலியோடு ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். வாரண்டி உண்டு, டயர் தடிமனாக வருவதால் உள்ரோட்டுக்குத் தாங்கும். பழைய பைக்கின் சரித்திரத்தைப் பற்றிய கவலையும் இல்லை.

குறைகளை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சில மாடல்களில் கியர் லீவர் ஹேண்டிலின் மேல்பகுதியில் தனியாக இருக்கும், மாற்றும்போதெல்லாம் பிரேக்கிலிருந்து கை எடுக்க வேண்டும். லாரி நெருக்கும் இடத்தில் அது இடைஞ்சல். முன்னால் ஒரே பல்சக்கரம் என்றால் ஏற்றக் கியர் போதுமா என்று பல் எண்ணிப் பாருங்கள்.

இதைவிட முக்கியம், 7 கியர் பைக்குகள் பலவற்றில் பின்னால் இருப்பது திருகி மாட்டும் பிரீவீல். பின்னாளில் 8, 9 கியர் ஆக்க ஆசைப்பட்டால் வீல், லீவர், டிரேலர் எல்லாமே மாற வேண்டும். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய பைக்கே வந்துவிடும். ஆகவே வாங்கினால் வந்தபடியே ஓட்டுங்கள், மேம்படுத்தலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். பிரீவீலும் 7 கியர் செயினும் ஊர்க் கடையிலேயே கிடைக்கும் என்பது இதே அமைப்பின் நல்ல பக்கம்.

விற்கும்போது விலை நன்றாக இறங்கும். ஏற்கெனவே இறங்கிய விலையில் வாங்கிய பழைய பைக்கை ஓராண்டு ஓட்டிவிட்டு விற்றால் நட்டம் குறைவு.

## மூன்றாம் வழி: பழைய ஹைப்ரிட்

700 அளவு வீல், 32 முதல் 38 மி.மீ. டயர், நேர் ஹேண்டில். 8,000 முதல் 14,000க்குள் நல்லது கிடைக்கும். தமிழ்நாட்டின் டிஐ சைக்கிள்ஸ் தயாரித்த மாண்ட்ரா வகை ஹைப்ரிட்டுகளும் பழைய சந்தையில் கண்ணில் படும். ஆட்கள் குறைவாக ஓட்டிய வண்டிகள், உதிரி பெரும்பாலும் மலை சைக்கிள் உதிரிதான், மட்கார்டும் கேரியரும் மாட்ட இடம் இருக்கும். மேலே சொன்ன பரிசோதனை வரிசையே இதற்கும் பொருந்தும், லீவர் விலை மட்டும் பயமுறுத்தாது.

வேலைக்கோ கல்லூரிக்கோ தினமும் ஓட்டப் போகிறீர்கள், வார இறுதியில் 30 கி.மீ. போதும், பாதி தூரம் மாந்தோப்பு நடுவே போகும் பஞ்சாயத்து ரோடு என்றால் இதுவே முதல் தேர்வு. 50 கி.மீ.க்கு மேல் போனால்தான் குறை தெரியும். நிமிர்ந்து உட்காருவதால் எதிர்காற்று நெஞ்சில் அடிக்கும், கையை மாற்றிப் பிடிக்க வேறு இடம் இல்லாததால் மணிக்கட்டு நோகும்.

ஹைப்ரிட் வாங்கிப் பிறகு வளைந்த ஹேண்டில் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். ரோடு லீவர் ஜோடிக்கே எட்டாயிரத்தைத் தாண்டும். அதோடு ஹைப்ரிட்டில் உள்ள வி பிரேக்குக்கு அதிகக் கேபிள் இழுப்பு வேண்டும், ரோடு லீவர் அவ்வளவு இழுக்காது. பிரேக் பாதிதான் பிடிக்கும்.

## பக்கமே போகக் கூடாதவை

ஆன்லைனில் 12,000, 15,000க்கு வளைந்த ஹேண்டில், இரண்டு டிஸ்க், முன்னும் பின்னும் சேர்த்து 21 கியர் என்று வரும் இரும்பு சைக்கிள்கள். எடை 16, 17 கிலோ வரும், ஒரே அளவில்தான் வரும், டிஸ்க் மலிவு ரகம். ரோடு பைக்கின் தோற்றம் இருக்கும், வேகமும் ஏற்றமும் இருக்காது.

இன்னொன்று, பட்ஜெட்டுக்குள் வரும் பழைய கார்பன் ஃபிரேம். கார்பனில் அடி உள்ளே பட்டு வெளியே தெரியாமல் இருக்கும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் விரிசல் விட்ட இடத்தில் மந்தமாகவும் கேட்கும் என்பது உண்மைதான். அதைக் கேட்டுப் பழகிய காது புதியவருக்கு இருக்காது. ஒகேனக்கல் இறக்கத்தில் ஃபிரேம் விட்டுப்போனால் நடப்பது பண நட்டத்தோடு நிற்காது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழைய அலுமினிய ரோடு பைக் | புதிய 7 கியர் | பழைய ஹைப்ரிட் |
|---|---|---|---|
| பைக்குக்கு | 16,000–17,000 | 22,000 சுமார் | 8,000–14,000 |
| உடனடிச் செலவு | 3,900–8,700 | கிட்டத்தட்ட இல்லை | 1,500–4,000 |
| சரியான அளவு கிடைப்பது | அலைய வேண்டும் | எளிது | ஓரளவு |
| ஓசூர், ஒகேனக்கல் ஏற்றம் | நன்று (34க்கு 28 அல்லது 32) | மாடலைப் பொறுத்தது | நன்று |
| உள்ரோடு | 28 மி.மீ. ஏறினால் நன்று | நன்று | மிக நன்று |
| 60 கி.மீ.க்கு மேல் | மிக நன்று | நன்று | சுமார் |
| ஊரில் பழுது | 8, 9 கியர் என்றால் முடியும் | எளிது | எளிது |
| மறுவிற்பனை நட்டம் | குறைவு | அதிகம் | குறைவு |

எங்கள் தீர்ப்பு இது: வார இறுதியில் 40, 60 கி.மீ. ஓட்டும் நோக்கம், 165 முதல் 178 செ.மீ. உயரம், அலன் கீயைக் கையில் எடுக்கத் தயக்கமில்லை, ஓரிரு மாதம் பொறுத்துத் தேட முடியும் என்றால் பழைய அலுமினிய பைக்தான். இதில் பொறுமை மிக முக்கியம். அவசரப்பட்டு எடுத்த பழைய பைக்கைவிடப் புதிய 7 கியர் நல்லது. சிறிய அளவு தேவைப்படுகிறவர், பழுது வேலையில் கை வைக்க விரும்பாதவர், பெங்களூர் போய்த் தேட நேரமில்லாதவர் புதியதை எடுக்கலாம். ஓட்டுவது பிடிக்குமா என்றே இன்னும் தெரியாதவர் பத்தாயிரத்துக்கு ஹைப்ரிட் எடுத்து ஓராண்டு ஓட்டட்டும், பிடித்துவிட்டால் கிட்டத்தட்ட அதே விலைக்குத் தள்ளிவிடலாம்.

## ஊருக்குக் கொண்டு வருவதும் முதல் வாரமும்

பெங்களூரில் வாங்கிய பழைய பைக்கை அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். கிருஷ்ணகிரிக்கே 90 கி.மீ., அதுவும் ஓசூர் வரை லாரி நெரிசல். டயரையும் கேபிளையும் மாற்றாத பைக்கில் அது வேண்டாத ஆபத்து. இரண்டு வீலையும் கழற்றினால் ஒரு சாதாரணக் காரின் பின்சீட்டில் படுத்துவிடும், செயின் பக்கம் மேலே இருக்கட்டும். தர்மபுரிக்காரர்கள் ஓசூர் வழி ரயிலில் பார்சலாகவும் போடலாம். அப்படியென்றால் சைக்கிள் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, டிரேலரைக் கழற்றி ஃபிரேமுக்கு உள்ளே கட்டி, ஃபோர்க்கின் இரண்டு முனைக்கும் நடுவே மரக்கட்டை செருகி அனுப்புங்கள். பெடல் கழற்றும்போது இடப்பக்கப் பெடல் தலைகீழ் மறை என்பது நினைவிருக்கட்டும்.

வந்ததும் கேபிள், பிரேக் கட்டை, டயர் மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். சீட் உயரத்தைக் கிராங்க் நடுவிலிருந்து சீட்டின் மேல் வரை அளந்து வையுங்கள். முன்பு புத்தகம் வைத்து அளந்த கால் உயரத்தை 0.883 ஆல் பெருக்க வேண்டும், 78 செ.மீ.க்கு 69. ஸ்டெம் போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் அளவு என்று அச்சிட்டிருக்கும்.

காற்றில் இரண்டு சிக்கல். ரோடு பைக் டியூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வு பஞ்சர் கடைக் குழாயில் பொருந்தாது, பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள். கடைக் கம்ப்ரஸரில் ஒரேயடியாக ஏறி டியூப் வெடிக்கும், ஆகவே வீட்டில் கைப்பம்பில் அடிப்பதே நல்லது. 65 முதல் 75 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் 85–95 பிஎஸ்ஐ, 28இல் 70–80, 32இல் 55–65. ரோட்டோரம் ஒதுங்கும் இடமெல்லாம் சீமைக்கருவேல முள் கிடக்கும் என்பதால் ஸ்பேர் டியூப் ஒன்றுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். முள்ளை டயருக்குள் விரலால் தடவித் தேடி எடுத்த பிறகே புது டியூப் போடுங்கள், இல்லையென்றால் அதே முள் அடுத்ததையும் குத்தும்.

முதல் ஓட்டங்களுக்குத் தொப்பூர் கணவாய்ப் பக்கம் வேண்டாம், இறக்கத்தில் வரும் கனரக வண்டிகளுக்கு அங்கே பிரேக் பிடிக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. கிருஷ்ணகிரியில் கே.ஆர்.பி. அணை வரை, தர்மபுரியில் பென்னாகரம் ரோடு என்று தொடங்கலாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டு ரோட்டில் விடிவதற்கு முன் போகாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு.

நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் புதுக் கேபிள் சற்று இளகும். செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கும், இரண்டு பல்லுக்கு நடுவே நின்று கரகரக்கும். கடைக்கு ஓட வேண்டாம். டிரேலரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சிறு திருகை, பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று.